விண்ணப்பமும் ஒரு பாடம்தான்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. பள்ளி விட்டு மாணவர்கள் போய்விட்டார்கள். நான் விலங்கியல் ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவி ஒருத்தி, ஒரு கையில் சாக்லேட் பொட்டலமும் மறு கையில் பாலித்தீன் உறைக்குள் மடித்து வைத்த தாளுமாக வந்து நின்றாள்.

"மிஸ், நீட்ல குவாலிஃபை ஆயிட்டேன்!"

எங்களுடையது கிராமப்புற அரசு மேல்நிலைப் பள்ளி. நீட் தேர்வில் எங்கள் பள்ளியிலிருந்து தகுதி பெற்ற முதல் மாணவி அவள்தான். அவளுடைய அம்மா அப்பா இருவரும் செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள். மகிழ்ச்சியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கலந்தாய்வுக்கு அப்ளை பண்ணிட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"அதான் பரீட்சைக்கு முன்னாடியே போட்டாச்சே மிஸ்."

அவள் சொன்னது நீட் தேர்வுக்கான விண்ணப்பம். மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். இணையவழி விண்ணப்பம் முந்தைய நாளோடு முடிந்திருந்தது. மறுநாள் தலைமையாசிரியரும் நானும் யார் யாரிடமோ தொலைபேசியில் கேட்டுப் பார்த்தோம். கடைசி நாள் என்றால் கடைசி நாள்தான்.

தேர்வு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த கணினி மையக்காரர் தம்முடைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையுமே அதில் கொடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் அவருக்கே போயிருந்தன. அவர் மீது கோபப்பட்டுப் பயனில்லை. அவர் ஒரு நாளைக்கு முப்பது விண்ணப்பம் நிரப்புபவர். அந்தப் பிள்ளைக்கு இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தியவள் நான். ஹார்டி-வீன்பெர்க் விதியைக்கூட மூன்று முறை நடத்தினேன். விண்ணப்பத்தைப் பற்றி ஒரு முறைகூடப் பேசவில்லை.

கலந்தாய்வு முடிந்த பிறகு ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்த்தேன். அவளுடைய இனப்பிரிவிலேயே, அவளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தப் பட்டியலை நான் அவளிடம் காட்டவில்லை. மறு ஆண்டு மீண்டும் எழுத வீட்டில் சம்மதிக்கவில்லை. செவிலியர் பட்டப்படிப்பில் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் நாங்கள் செய்துவரும் சில வேலைகளைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இவற்றில் பெரிய புதுமை எதுவும் இல்லை. ஆனால் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மூன்று வாசல்கள்

பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் ஜூன் மாதத்திலேயே, மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் ஒரு சனிக்கிழமை அழைத்துக் கரும்பலகையில் மூன்று வாசல்களை வரைகிறேன்.

முதல் வாசல், தேசியத் தேர்வு முகமை நடத்தும் நீட் தேர்வுக்கான விண்ணப்பம். இது தேர்வு எழுதுவதற்கு மட்டுமே. இரண்டாம் வாசல், தேர்வு முடிவு வந்த பின் தமிழ்நாடு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பம். மாநிலத்துக்குரிய இடங்களும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடங்களும் இந்த வாசலில்தான் இருக்கின்றன. மூன்றாம் வாசல், அகில இந்திய ஒதுக்கீட்டுக்கான 15 சதவீத இடங்களுக்கு மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவிடம் செய்யும் பதிவு. ஒரு வாசலில் நுழைந்ததால் மற்ற வாசல்கள் தாமாகத் திறந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனிக் கடைசி நாள்.

7.5 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றிப் பெற்றோரிடம் நிறுத்தி, நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த இந்த உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலம், கள்ளர் சீரமைப்பு, வனத்துறை போன்ற பள்ளிகளும் இதில் அடங்கும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் தகுதி உடையவர்களே. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த ஆண்டுகள் கணக்கில் வராது. எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை "ஒரு வருசம் அங்க படிக்கட்டும்" என்று பள்ளி மாற்றும் பெற்றோருக்கு அந்த ஓர் ஆண்டின் விலை என்னவென்று முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

பச்சைக் கோப்பு

அன்றைய கூட்டத்திலேயே ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பச்சை நிறக் கோப்பு கொடுக்கிறோம். விலை அதிகமில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகத்திலிருந்து வாங்கித் தருகிறார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்தக் கோப்பு சிறிது சிறிதாக நிரம்ப வேண்டும்.

கோப்பின் முதல் பக்கம் ஓர் அட்டவணை. பிறப்புச் சான்று, ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, எமிஸ் பதிவு ஆகிய ஐந்திலும் தன் பெயர், முதலெழுத்து, பிறந்த தேதி, தந்தை பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதை மாணவரே பார்த்து எழுத வேண்டும். எழுத்துக்கு எழுத்து, புள்ளிக்குப் புள்ளி. முதல் முறை இதைச் செய்தபோது பதினான்கு பேரில் ஒன்பது பேருக்கு ஏதாவது ஓர் இடத்தில் முரண் இருந்தது. ஒருத்திக்கு ஆங்கிலத்தில் ஓர் ஆவணத்தில் ஒற்றை 'எல்', இன்னொன்றில் இரட்டை 'எல்'. ஒருவனுக்குப் பள்ளியில் தாத்தாவின் முதலெழுத்தும் சேர்ந்திருந்தது, ஆதாரில் தந்தையின் முதலெழுத்து மட்டும். இவற்றைப் பதினொன்றாம் வகுப்பு ஜூனில் கண்டுபிடித்தால் திருத்த அவகாசம் உண்டு. கலந்தாய்வுக்கு முந்தைய வாரம் கண்டுபிடித்தால் கண்ணீர்தான் மிஞ்சும்.

அடுத்து, ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று. நம் மாணவர்கள் பலர் எட்டாம் வகுப்பு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் படித்துவிட்டு நம்மிடம் வருகிறார்கள். படித்த ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் சான்று தேவைப்படும். அந்தந்த ஆண்டுத் தகவல் கையேட்டில் உள்ள படிவத்தில்தான் அதை இறுதியாக வாங்க வேண்டும் என்றாலும், பழைய பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தன் பெயர் எந்த எண்ணில், எந்தத் தேதியில் இருக்கிறது என்பதை மாணவர் முன்பே போய்ப் பார்த்துக் குறித்து வரலாம். அந்தக் குறிப்பும் கோப்பில் இருக்கிறது.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று போன்றவை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் படிப்படியாகப் போய் வர வேண்டியவை. தேவையானவை எவை என்று பார்த்து, பன்னிரண்டாம் வகுப்புக் காலாண்டு விடுமுறைக்குள் வாங்கிவிடச் சொல்கிறேன். அசலைத் தொடாமல் இரண்டு படி நகல்கள் தனியாக. பள்ளிக் கணினியில் ஒவ்வொரு மாணவர் பெயரிலும் ஓர் அடைவில் ஸ்கேன் செய்த படிகள்.

விண்ணப்பம் நிரப்பும் நாள்

இப்போது எங்கள் மாணவர்கள் கணினி மையத்துக்குப் போவதில்லை. பள்ளியின் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில், இரண்டிரண்டு பேராக அமர்ந்து நிரப்புகிறார்கள். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் பச்சைக் கோப்பைப் பார்த்து வாசிக்க வேண்டும். பிறகு இடம் மாறிக்கொள்ள வேண்டும். ஒருவர் தவறை இன்னொருவர் கண் பிடித்துவிடுகிறது.

அதற்கு ஒரு வாரம் முன்பு, விண்ணப்பத்தில் கேட்கப்படும் விவரங்களைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்து ஒத்திகை பார்க்கிறோம். அப்போது நான் வலியுறுத்துபவை நான்கு. ஒன்று, கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் குடும்பத்தினருடையதாக, குறைந்தது ஓராண்டு மாறாததாக இருக்க வேண்டும். ரீசார்ஜ் செய்யாமல் எண் துண்டிக்கப்பட்டு, ஓ.டி.பி. வராமல் தவித்த மாணவரையும் பார்த்திருக்கிறேன். இரண்டு, கடவுச்சொல்லைக் கோப்பின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். மூன்று, வினாத்தாள் மொழி. தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் கிடைக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. ஆகவே தமிழ்வழி மாணவர்களுக்கும் கலைச்சொற்களை இரு மொழியிலும் பழக்குகிறேன். நான்கு, வெள்ளைப் பின்னணியில் காது தெரியும்படி எடுத்த புகைப்படம், கையொப்பம், விரல்ரேகைப் பதிவு ஆகியவற்றை முன்னதாகவே அளவு குறைத்துத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

பணம் செலுத்தியதும் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். உறுதிப்படுத்தும் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பில் வைத்த பிறகே நான் பெயருக்கு எதிரே குறியிடுகிறேன். நீட் முடிவு வந்த நாளிலிருந்து, தேர்வுக் குழுவின் இணையதளத்தைத் தினமும் காலையில் ஒரு முறை பார்ப்பது என் வேலை. அறிவிப்பு வந்ததும் பதினான்கு வீட்டுக்கும் பேசுகிறேன். புலனக் குழுவில் செய்தி போட்டால் போதும் என்று இருந்துவிடுவதில்லை.

நேர்காணலே இல்லையே?

இவ்வளவும் தாளோடு முடியும் வேலை. இதைவிடக் கடினமானது பேச வைப்பது.

"எம்.பி.பி.எஸ். சேர நேர்காணல் கிடையாதே, எதற்குப் பேச்சுப் பயிற்சி?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் மருத்துவ இடத்துக்கு நேர்காணல் மதிப்பெண் இருந்தது. அதைப் பற்றிய வழக்கு 1970இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1984இல் நுழைவுத் தேர்வு வந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் அது விலகி மேல்நிலை மதிப்பெண்ணே அடிப்படையானது. 2017 முதல் நீட். நேர்காணல் போனது கிராமத்துப் பிள்ளைகளுக்கு நல்லதே என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனாலும் பேச வேண்டிய இடங்கள் இருக்கின்றன. 7.5 சதவீத ஒதுக்கீட்டின் முதல் கலந்தாய்வு 2020 நவம்பரில் சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நேரில் நடந்தது. அதன் பிறகும் இப்பிரிவு மாணவர்கள் பெற்றோருடன் நேரில் சென்றே கல்லூரியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். திரையில் காலியிடம் தெரியும், பின்னால் வரிசை நிற்கும், சில நிமிடங்களில் முடிவு சொல்ல வேண்டும். புணேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் இன்றும் நேர்காணல் உண்டு. நீட் மதிப்பெண்ணை வைத்து அழைக்கப்படுபவர்களுக்கு ஆங்கிலமும் தர்க்க அறிவும் சார்ந்த தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை ஆகியவை நடக்கின்றன. படித்து முடித்ததும் ஆயுதப்படை மருத்துவப் பணியில் சேர வேண்டும். அதோடு, சேர்ந்த முதல் ஆண்டே உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும் உயிர்வேதியியலிலும் வாய்மொழித் தேர்வு காத்திருக்கிறது. பிறகு வாழ்நாள் முழுவதும் நோயாளியிடம் பேச வேண்டும். வாயைத் திறக்காமல் மருத்துவர் ஆக முடியாது.

ஆய்வகத்தில் பதினைந்து நிமிடம்

வெள்ளிக்கிழமை மாலைகளில் ஆய்வகத்தில் மூன்று நாற்காலிகள் போடுகிறோம். ஒன்றில் நான். ஒன்றில் தமிழாசிரியர். மூன்றாவதில் வெளியாள் ஒருவர். எங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர், ஓய்வுபெற்ற இராணுவ வீரர், கூட்டுறவு வங்கிச் செயலாளர் எனப் பலர் மகிழ்ச்சியோடு வந்திருக்கிறார்கள். பழகாத முகம் ஒன்று இருந்தால்தான் பயிற்சி பயிற்சியாக இருக்கிறது. மாணவர் வெளியே காத்திருந்து, பெயர் சொன்னதும் உள்ளே வர வேண்டும். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம்.

முதல் வாரம் தமிழில் தன்னைப் பற்றி மட்டும். ஆங்கிலம் ஐந்தாவது வாரத்தில்தான். ஆங்கிலத்தில் தொடங்கினால், மனப்பாடம் செய்த நான்கு வாக்கியங்களோடு பிள்ளை நின்றுவிடுகிறது. சிந்தித்துப் பேசுவது முதலில் தாய்மொழியில் வர வேண்டும்.

இரண்டாம் வாரக் கேள்வி, "ஏன் மருத்துவர் ஆக வேண்டும்?" முதல் ஆண்டு பதினான்கு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்ப்பேன்." பொய் இல்லை. ஆனால் அது அவர்களுடைய பதிலும் இல்லை. சுகாதாரச் செவிலியர் சிரித்துக்கொண்டே ஒருத்தியிடம், "உங்க வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லாம போச்சா? அப்ப நீ என்ன பண்ணுன?" என்று கேட்டார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "பாட்டிக்குச் சர்க்கரை. கால்ல புண்ணு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன். மாத்திரை வீட்டுக்கே வந்து குடுத்தாங்க. ஆனா செருப்பு போடாம நடக்கக் கூடாதுன்னு பாட்டிக்குப் புரியற மாதிரி யாரும் சொல்லல. சொன்னது ஒரு டாக்டரம்மா. ஒரு நிமிசம் உக்காந்து சொன்னாங்க. அப்புறம் பாட்டி செருப்பு இல்லாம வாசல் தாண்டல. அந்த மாதிரி சொல்ற டாக்டரா ஆகணும்."

அறையில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து எங்கள் பயிற்சியில் ஒரு விதி வந்தது. பொதுவான வாக்கியம் சொன்னால், அடுத்த வாக்கியம் தன் கண்ணால் கண்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் ஒரு சூழலைக் கொடுக்கிறோம். எங்கள் பகுதிக்கு மிகவும் பொருந்திய ஒன்று: "வயலில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. கயிற்றால் இறுக்கிக் கட்டி, மந்திரிக்கக் கூட்டிப்போக வேண்டும் என்கிறார் அவருடைய அண்ணன். நீ அங்கே இருக்கிறாய். என்ன செய்வாய்?" முதலில் எல்லாரும் அண்ணனைத் திட்டினார்கள். "மூடநம்பிக்கை கூடாது என்பேன்" என்றார்கள். இராணுவ வீரர் அந்த அண்ணனாகவே நடித்து, "நேத்துப் பொறந்த பயலுக்கு என்னடா தெரியும்?" என்று அதட்டினார். பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். இரண்டு மூன்று முறை நடித்துப் பார்த்த பிறகு ஒருவன் வழி கண்டுபிடித்தான். "அண்ணே, உங்க தம்பி பொழைக்கணும்னுதான் நானும் சொல்றேன். விஷமுறிவு ஊசி அரசு ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. 108க்குப் போன் பண்ணிட்டேன். நீங்க காலை அசையாமப் புடிச்சுக்குங்க. கட்ட வேணாம், கீற வேணாம். நீங்களும் கூட வாங்க." எதிரியாக நின்றவருக்கு ஒரு வேலையைக் கொடுத்தான். அதை நான் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

நான்காம் வாரம் பதில் தெரியாத கேள்விகள். வேண்டுமென்றே பாடத்துக்கு வெளியே கேட்கிறோம். "தெரியாது" என்று சொல்வதை நம் வகுப்பறைகள் குற்றமாக்கி வைத்திருக்கின்றன. அதனால் பிள்ளைகள் தலைகுனிகிறார்கள், அல்லது எதையாவது உளறுகிறார்கள். "இது எனக்குத் தெரியவில்லை ஐயா. இதோடு தொடர்புள்ளதாக நான் படித்தது இது. மற்றதைத் தெரிந்துகொள்கிறேன்" என்று தலை நிமிர்ந்து சொல்லப் பழக்குகிறோம். தெரியாததைத் தெரியும் என்று சொல்லும் மருத்துவர் எவ்வளவு ஆபத்தானவர் என்பதையும் அப்போது பேசிவிடுகிறோம்.

ஆறாம் வாரம் பச்சைக் கோப்பை மேசையில் வைத்துக் கேள்வி கேட்கிறோம். "முதலெழுத்து ஏன் மாறியிருக்கிறது?" "ஆறாம் வகுப்பு எங்கே படித்தாய்?" "எந்தெந்தக் கல்லூரி உன் விருப்பம், ஏன்?" சான்றிதழ் சரிபார்ப்பில் பயந்து அப்பா முகத்தைப் பார்க்காமல், தானே எடுத்துக் காட்டி விளக்க வேண்டும்.

மதிப்பெண் போடுவதில்லை. ஐந்து வரிகளில் குறிப்பு மட்டும் எழுதிக் கொடுக்கிறோம். உள்ளே வந்த விதம், குரல், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னானா, சொந்த அனுபவம் வந்ததா, தெரியாததை ஒப்புக்கொண்டானா. பலவீனத்தை எழுதும் முன் நன்றாகச் செய்த ஒன்றை எழுதுவது எங்கள் வழக்கம்.

ஆடு மேய்த்த பையன்

ஒரு மாணவன் மூன்று வாரமும் பேசவே இல்லை. உள்ளே வருவான், வணக்கம் சொல்வான், பெயரைச் சொல்வான், அதோடு சரி. கை நடுங்கும். விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். தமிழாசிரியர்தான் கேள்வியை மாற்றினார். "தம்பி, உங்க வீட்ல ஆடு இருக்குல்ல? குட்டி போடறப்ப பாத்திருக்கியா?"

அவன் நிமிர்ந்தான். "நானே எடுத்திருக்கேன் ஐயா. போன மாசம் குட்டிக்குத் தலை வராம பின்னங்காலு மொதல்ல வந்துச்சு. அப்பா ஊர்ல இல்ல. மொதல்ல கையை சோப்புப் போட்டு நல்லா கழுவணும். அவசரப்பட்டு இழுக்கக் கூடாது. ஆடு முக்கறப்ப மட்டும் கூடவே மெதுவா..." என்று தொடங்கி ஏழு நிமிடம் பேசினான். கை நடுங்கவில்லை. சுகாதாரச் செவிலியர் இடையில் கேட்ட கேள்விகளுக்கும் பதில் சொன்னான். தாய் ஆட்டை எப்படி அமைதிப்படுத்தினாய் என்று கேட்டபோது, "பேசிக்கிட்டே இருந்தேன்" என்றான்.

அவனுக்குத் தேவைப்பட்டது குரல் பயிற்சி இல்லை. தனக்குத் தெரிந்ததும் அறிவுதான் என்று யாராவது அவனிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த மாணவன் இரண்டாம் முயற்சியில் நீட்டில் தகுதி பெற்று, 7.5 சதவீதக் கலந்தாய்வுக்குத் தன் அப்பாவோடு சென்னை சென்றான். அவனுடைய முறை வந்தபோது அரசுக் கல்லூரி இடங்கள் தீர்ந்திருந்தன. தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் இருந்தது. "பிரைவேட்" என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா எழுந்துவிட்டாராம். "நம்மால முடியாது சாமி, வாடா போலாம்" என்று கையைப் பிடித்திருக்கிறார். இந்த ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேர்ந்தாலும் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று நாங்கள் பலமுறை சொல்லியிருந்தோம். ஆனால் அந்த இடத்தில், அந்தக் கூட்டத்தில், அப்பாவுக்கு அது எதுவும் நினைவில் இல்லை.

பையன் அதிகாரியிடம் கேட்டிருக்கிறான்: "ஐயா, இந்த இடத்துக்குக் கட்டணம் அரசு கட்டுமா? விடுதிக் கட்டணமும் அதுல சேருமா? எங்கப்பாகிட்ட நீங்களே ஒரு தடவை சொல்லுங்க ஐயா." அதிகாரி பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். அப்பா மறுபடி உட்கார்ந்திருக்கிறார்.

இதைத் தொலைபேசியில் அவன் சொன்னபோது நான் சமையலறையில் நின்றிருந்தேன். ஆறு வாரமும் பதில் சொல்லத்தான் பயிற்சி கொடுத்தோம். அவன் கேள்வி கேட்டிருக்கிறான். இப்போது ஏழாம் வாரம் ஒன்றைச் சேர்த்திருக்கிறோம். அதில் நாற்காலியில் இருப்பவர்கள் பேச மாட்டார்கள். மாணவர்தான் எங்களிடம் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு

இது மேல்நிலை ஆசிரியர்களின் வேலை என்று இதைப் படிக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் எண்ணிவிடக் கூடாது. பச்சைக் கோப்பின் முதல் பக்கம் உண்மையில் உங்கள் மேசையில்தான் எழுதப்படுகிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் அன்று பிறப்புச் சான்றைப் பார்த்து எழுதும் பெயரும் முதலெழுத்தும் எமிஸில் ஏறி, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியல் வரை வருகின்றன. ஐந்தாம் வகுப்பு முடிந்து பிள்ளை வேறு பள்ளிக்குப் போகும் முன் ஒருமுறை சரிபார்த்துவிட்டால், ஏழு ஆண்டு கழித்து ஒரு குடும்பம் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. எண்ணும் எழுத்தும் வகுப்பறைகளில் குழந்தைகள் பாடுகிறார்கள், நடிக்கிறார்கள், கதை சொல்கிறார்கள். நானே போய்ப் பார்த்திருக்கிறேன். அதே குழந்தை பதினொன்றாம் வகுப்பில் என் முன்னால் வந்து வாய் திறக்காமல் நிற்கிறது. நடுவில் எங்கே அந்தக் குரல் போனது என்பது ஆறு முதல் பத்து வரை நடத்தும் நாம் எல்லாரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. வாரம் ஒருநாள், ஒரு பாடவேளையில் பத்து நிமிடம், "உனக்குத் தெரிந்த ஒன்றை எங்களுக்குச் சொல்லிக்கொடு" என்று ஒரு பிள்ளையை முன்னால் நிற்க வைத்தால் போதும். பூக் கட்டுவது, மோட்டார் போடுவது, கோழிக்கு அடை வைப்பது எதுவானாலும் சரி.

இடம் கிடைக்காத பிள்ளைகள்

பதினான்கு பேர் தொடங்கினால் ஒருவருக்கோ இருவருக்கோ இடம் கிடைக்கிறது. சில ஆண்டுகளில் யாருக்கும் இல்லை. மற்றவர்களுக்கு இந்தப் பயிற்சி வீண் என்றால் நான் இதைச் செய்யவே மாட்டேன். செவிலியர், மருந்தியல் போன்ற படிப்புகளுக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் மாநிலத்தில் மேல்நிலை மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடக்கிறது. அவற்றுக்கும் அதே கோப்பு, அதே சான்றுகள் தேவை, அதே தெளிவோடு பேசவும் வேண்டும். ஒவ்வொரு மாணவரும் நீட் விண்ணப்பத்தோடு குறைந்தது இரண்டு மாற்றுப் படிப்புகளின் விண்ணப்பத் தேதிகளையும் கோப்பில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மருத்துவம் இல்லையென்றால் வாழ்க்கையே இல்லை என்ற எண்ணத்தோடு எந்தப் பிள்ளையும் நம் பள்ளியை விட்டுப் போகக் கூடாது. பெற்றோர் கூட்டத்தில் நான் முதலில் பேசுவதும் கடைசியில் பேசுவதும் இதுதான்.

வரும் ஜூனில் தொடங்க நினைப்பவர்களுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு கோப்பு, ஓர் அட்டவணை, மூன்று நாற்காலிகள், வாரத்தில் ஒரு மாலை. எங்கள் பள்ளியில் நடந்த தவறு உங்கள் பள்ளியில் நடக்க வேண்டாம் என்பதற்காகத்தான் அதை மறைக்காமல் எழுதினேன்.

சாக்லேட் பொட்டலத்தோடு வந்த அந்த மாணவி இன்று செவிலியர் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள். ஒவ்வோர் ஆண்டும் நீட் முடிவு வெளியாகும் நாளில் அவளிடமிருந்து எனக்கு அழைப்பு வரும். எத்தனை பேர் தகுதி பெற்றார்கள் என்று அவள் கேட்பதில்லை.

"எல்லாரும் ரெண்டாவது ஃபார்ம் போட்டாச்சா மிஸ்?" என்றுதான் கேட்பாள்.